பாலைவனத்திலிருந்து ஆற்றங்கரைக்கு: நமீபியாவில் பறவை பார்க்க ஒரு கார்ப் பயணம்

தெற்கு ஆப்பிரிக்காவுக்கு முதல்முறையாகப் பறவை பார்க்கப் போகிறேன், எங்கிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நமீபியாவைத்தான் சொல்வேன். சாலைகள் நல்லவை, கூட்டம் குறைவு, வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நம் ஊர்ப் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

பாதை இதுதான். தலைநகர் விண்ட்ஹோக்கில் புறப்பட்டு மேற்கே அட்லாண்டிக் கரைக்குப் போவது. அங்கிருந்து வடக்கே ஸ்பிட்ஸ்கோப்பே மலை, எட்டோஷா தேசியப் பூங்கா. பிறகு கிழக்கே திரும்பி ருண்டு, டிவுண்டு, கட்டிமா முலிலோ வழியாக எல்லை தாண்டி போட்ஸ்வானாவின் கசானேயில் முடிப்பது. தண்ணீரே இல்லாத இடத்தில் தொடங்கி, தண்ணீர் நிறைந்த இடத்தில் முடியும் பயணம் இது. வால்விஸ் பே நகரில் ஆண்டுச் சராசரி மழை 20 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கட்டிமா முலிலோவில் அது 600 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த வித்தியாசம் பறவைகளில் அப்படியே தெரியும். மணலின் நிறத்திலேயே இருக்கும் வானம்பாடிகளில் ஆரம்பித்து, ஆற்றங்கரையில் செக்கச்செவேல் என்று பறக்கும் பஞ்சுருட்டான்களில் போய் முடியும்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு விஷயம். நமீபியாவில் மட்டும் 650-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்ததும் நாளுக்கு நானூறு கிலோமீட்டர் ஓட்டி எல்லா இடத்தையும் தொட்டுவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். வறண்ட நாட்டில் பறவைகள் தண்ணீரைத் தேடி வந்தே ஆக வேண்டும். நாம் ஓடுவதைவிட, தண்ணீர் ஓரத்தில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பதுதான் பலன் தரும். கீழே சொல்லும் திட்டம் முழுக்க இந்த ஒரு எண்ணத்தில் போட்டது.

எப்போது போவது

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. அது கோடையின் தொடக்கம். மழை இன்னும் வந்திருக்காது. எட்டோஷாவின் குட்டைகள் வற்றி, எஞ்சிய சில நீர்நிலைகளில் எல்லா உயிர்களும் கூடும். வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் வால்விஸ் பே-க்கு வந்து சேர்ந்திருக்கும். கட்டிமா பக்கம் சாம்பசி ஆற்றங்கரையில் செம்பஞ்சுருட்டான்கள் கூடு வைத்திருக்கும். இந்த மூன்றும் ஒரே பயணத்தில் கிடைப்பது இந்த மாதங்களில்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழைக்காலம். பறவை இனங்கள் அப்போது இன்னும் அதிகம், இனப்பெருக்கக் கால நிறங்களும் அழகு. ஆனால் நாடெங்கும் தண்ணீர் கிடப்பதால் பறவைகள் சிதறிவிடும்; மண் சாலைகளும் படுத்தும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். நாகாலாந்து வழியாகப் போகும் அமூர் வல்லூறுகளை ஆப்பிரிக்காவில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் டிசம்பருக்குப் பிறகு யோசியுங்கள். அவை அதற்கு முன் வந்து சேர்வதில்லை.

அக்டோபரில் ருண்டு, கட்டிமா பக்கம் வெயில் 40 டிகிரியை நெருங்கும். அதே வாரம் வால்விஸ் பே-யில் காலை மூடுபனியில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. குளிர்ந்த பெங்குவேலா கடல் நீரோட்டம் செய்யும் வேலை அது. இரண்டுக்கும் சேர்த்தே துணி எடுத்து வையுங்கள்.

காகிதங்கள், தடுப்பூசி

இந்தியக் கடவுச்சீட்டுக்கு நமீபியா, போட்ஸ்வானா இரண்டுக்குமே விசா வேண்டும். விதிமுறைகள் அடிக்கடி மாறுகின்றன. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இரு நாட்டுத் தூதரகங்களின் தளத்திலும் பார்த்துவிடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

விண்ட்ஹோக்குக்குப் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது ஜொகானஸ்பர்க் வழியாகத்தான் போவோம். எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளின் வழியாகப் போனால், அங்கே காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இந்தியா திரும்பும்போது நம் அதிகாரிகள் இதில் மிகவும் கண்டிப்பு. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ருண்டுவிலிருந்து கசானே வரை மலேரியா பகுதி. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையும், கடையில் நல்ல கொசுவிரட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு ஒரு வசதி உண்டு. நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று மதிப்பு. நமீபியாவில் ராண்டும் செல்லும். போட்ஸ்வானாவில் புலா.

வண்டி

நான் சொல்லும் பாதையின் பெரும்பகுதி தார்ச்சாலை. எட்டோஷாவுக்குள்ளும் ஸ்பிட்ஸ்கோப்பே பக்கமும் மண் சாலை. உலர்ந்த மாதங்களில் சாதாரணக் காரிலேயே போய்விடலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் டபுள் கேப் பிக்கப் ஒன்றை எடுக்கவே சொல்வேன். உயரமாக உட்கார்ந்தால் புல்லுக்கு மேலே பார்க்கலாம். பறவை பார்க்கிறவர்களுக்கு அந்த அரை மீட்டர் பெரிய விஷயம். கூரைமேல் கூடாரம் வைத்த வண்டியாக எடுத்தால் தங்கும் செலவும் குறையும்.

வண்டி எடுக்கும்போது இவற்றைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்:

- இரண்டு ஸ்டெப்னி டயர் இருக்கிறதா? ஜாக் எங்கே, எப்படி மாட்டுவது? அவர்கள் முன்னாலேயே ஒரு முறை செய்து பாருங்கள்.
- காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் அடங்குமா? மண் சாலையில் கல் தெறித்து உடைவது இவை இரண்டும்தான்.
- போட்ஸ்வானாவுக்குள் கொண்டுபோக எழுத்துபூர்வமான அனுமதிக் கடிதம். இது இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள்.
- கசானேயில் வண்டியை விட்டுவிட முடியுமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சில சமயம் பெரிய தொகை. கட்டுப்படியாகாவிட்டால் விண்ட்ஹோக் திரும்ப இரண்டு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

மண் சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டவே கூடாது. சட்டம் கூடுதலாக அனுமதித்தாலும் சரி, சாலை நேராக, காலியாகக் கிடந்தாலும் சரி. அங்கே நடக்கும் சுற்றுலா விபத்துகளில் பெரும்பாலும் எதிரில் வேறு வண்டி இருப்பதில்லை. சரளையில் சக்கரம் வழுக்கி, பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பி, வண்டி உருண்டுவிடுகிறது. வழுக்கினால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். மண் சாலைக்குள் இறங்கும்போது டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். எவ்வளவு என்று வண்டி கொடுத்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும், புழுதியில் அதுதான் தெரியும்.

மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் குடு மான், காட்டுப்பன்றி, கழுதை எல்லாம் சாலைக்கு வரும். குடு ஒன்று குதித்து முன்கண்ணாடியில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கையில் இருக்க வேண்டியவை

8x42 பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. கணவனும் மனைவியும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பறவை காத்திருக்காது. ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் வால்விஸ் பே-யிலும் கசானேயில் சோபே ஆற்றங்கரையிலும் நன்றாகப் பயன்படும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் தெற்கு ஆப்பிரிக்காவுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவையுங்கள், இணையமில்லா வரைபடத்தையும் அப்படியே.

கேமரா வைத்திருப்பவர்கள் ஜன்னலில் லென்ஸை வைத்துப் படமெடுக்க ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோங்கள். விண்ட்ஹோக்கில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் போதும். எட்டோஷாவில் வண்டியைவிட்டு இறங்க முடியாது என்பதால் முக்காலியைவிட இந்த அரிசிப்பைதான் உதவும்.

சாப்பாட்டுக்கு விண்ட்ஹோக், ஸ்வகோப்முண்ட், அவுட்ஜோ, சுமெப், ருண்டு, கட்டிமா எல்லாவற்றிலும் நல்ல சூப்பர் மார்க்கெட் உண்டு. சைவக்காரர்கள் சாம்பார்ப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப்போனால் சிரமமே இல்லை. அரிசி, பருப்பு, முட்டை, தக்காளி, வெங்காயம் எங்கும் கிடைக்கும். வண்டியில் எப்போதும் 20 லிட்டர் குடிநீர். டேங்க் பாதிக்கு வந்தாலே நிரப்பிவிடுங்கள்.

முதல் நாள்: விண்ட்ஹோக்

விமான நிலையம் நகருக்குக் கிழக்கே 45 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வரும் வழியிலேயே, நகரின் ஓரத்தில் ஏவிஸ் அணை. மாலையில் ஒரு நடை போனால் உடம்புக்கும் நல்லது, அந்தப் பக்கப் பறவைகளும் அறிமுகமாகும். மறுநாள் காலை மேற்கே டான் வில்யூன் சரணாலயம். பாறைச் சரிவில் புல்லுக்குள் எலிபோல ஓடும் ராக்ரன்னரும், ரோஸி-ஃபேஸ்டு லவ்பேர்டு என்ற சிறு கிளியும், மான்டெய்ரோஸ் ஹார்ன்பில் என்ற இருவாச்சியும் அங்கே பார்க்க வேண்டியவை. அவ்வளவுதான், நகரில் இதற்கு மேல் நாளைச் செலவழிக்க வேண்டாம்.

கடற்கரை: மூன்று இரவுகள்

ஒகஹண்ட்ஜா போய், அங்கிருந்து பி2 நெடுஞ்சாலையில் கரிபிப், உசகோஸ் வழியாக மொத்தம் சுமார் 360 கி.மீ. ஓட்டினால் ஸ்வகோப்முண்ட்; இன்னும் அரை மணியில் வால்விஸ் பே. தங்குவதற்கு வால்விஸ் பே-தான் வசதி. காயல் கரையை ஒட்டியே நடைபாதை இருக்கிறது. அறையிலிருந்து இறங்கினால் பூநாரை.

இந்தக் காயல் 1995 முதல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட ராம்சார் ஈரநிலம். பெரிய பூநாரை, சின்னப் பூநாரை இரண்டும் ஆயிரக்கணக்கில் நிற்கும். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் இந்த இரண்டு இனங்களைத்தான் பார்க்கிறோம் என்றாலும், அங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொலைவில் தேடியதை இங்கே வெறுங்கண்ணால் பார்க்கலாம். சின்னப் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீரின் மேற்பரப்பிலேயே வலமும் இடமும் ஆட்டிக்கொண்டு போகும். பெரியது கழுத்தை ஆழமாக அமிழ்த்தி, காலால் சேற்றைக் கலக்கியபடி மெல்ல வட்டமடிக்கும். ஒன்று மிதக்கும் பாசியைத் தின்கிறது, மற்றது அடிச்சேற்றில் இருக்கும் சிற்றுயிர்களை. அதனால்தான் ஒரே தண்ணீரில் இரண்டும் சண்டையில்லாமல் பிழைக்கின்றன. இதைப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள்; நிறத்தைப் பார்க்காமலே பிரித்தறியப் பழகிவிடுவீர்கள்.

இங்கே கடல் ஏறி இறங்கும் ஓத நேரம் தெரியாமல் போவது வீண். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். தண்ணீர் ஏற ஏற, சேற்றில் தொலைவில் பரவிக் கிடந்த உள்ளான்கள் கரையை நோக்கித் தள்ளப்பட்டு நம் காலடிக்கே வந்துவிடும். நம் கடற்கரைகளுக்கும் வரும் கர்லூ சாண்ட்பைப்பர், கொசு உள்ளான் ஆகியவற்றோடு, இங்கே மட்டும் தேட வேண்டியது செஸ்ட்நட்-பேண்டட் ப்ளோவர். மார்பில் மெல்லிய செம்பழுப்புப் பட்டையுள்ள சிறு உப்புக்கொத்தி. காயலின் தென்கோடியில் உப்பளங்களை ஒட்டிப் போகும் சாலையில், பாத்தி வரப்புகளில் பொறுமையாகப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் காற்று பலமாக அடிக்கும், ஸ்கோப் ஆடும். அதனால் காலையே சிறந்தது.

ஒரு காலையை ரூய்பேங்குக்கு ஒதுக்குங்கள். வால்விஸ் பே-யிலிருந்து குய்செப் ஆற்றுப்படுகையை ஒட்டித் தென்கிழக்கே அரைமணிப் பயணம். நமீபியாவுக்கு மட்டுமே உரிய ஒரே பறவையான டியூன் லார்க் வாழும் செம்மணல் மேடுகள் அங்கே தொடங்குகின்றன. புல் முளைத்திருக்கும் மேடாகப் பார்த்து, சூரியன் ஏறுவதற்குள் நடங்கள். மணலில் சிறு காலடித் தடங்கள் புல்லுக்குப் புல் தாண்டித் தாண்டிப் போகும். அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் பறவையிடமே போய்ச் சேர்ந்துவிடலாம். விதையிலும் பூச்சியிலும் கிடைக்கும் ஈரமே அதற்குப் போதும், தண்ணீர் தேடிப் போவதில்லை. இந்தப் பயணத்தில் தண்ணீர் ஓரமாகக் காத்திருந்து பார்க்க முடியாத பறவைகளில் முக்கியமானவை இதுவும், ஸ்வகோப்முண்டைச் சுற்றிய சரளைச் சமவெளியில் வாழும் க்ரேஸ் லார்க்கும்தான். க்ரேஸ் லார்க் தரையின் நிறத்திலேயே இருக்கும். அசைந்தால்தான் கண்ணில் படும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் தரையையே பாருங்கள்.

அதே சரளைத் தரையில்தான் டமாரா டெர்ன் என்ற குட்டி ஆலா ஒற்றை முட்டை இடுகிறது. கூடு என்று எதுவும் கிடையாது, வெறும் தரை. போட்டிருக்கும் சாலையைவிட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகக்கூடாது. பாலைவனம்தானே என்று வண்டியை விட்டவர்களின் தடங்கள் அங்கே பல ஆண்டுகளாக அழியாமல் கிடக்கின்றன, கூடவே நசுங்கிய முட்டைகளும். ஆலாவைப் பறக்கும்போது பார்த்தால் போதும், ஸ்வகோப்முண்டுக்கு வடக்கே உப்பளப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் மரமேடையையும் வழியில் பாருங்கள். பறவை எச்சத்தை உரமாக எடுப்பதற்காக 1930-களில் கட்டத் தொடங்கியது. நீர்க்காகங்கள் அதன்மேல் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஸ்பிட்ஸ்கோப்பே: இரண்டு இரவுகள்

சமவெளியிலிருந்து திடீரென்று எழும் கருங்கல் மலை, உயரம் 1,728 மீட்டர். அடிவாரத்தில் உள்ளூர் மக்களே நடத்தும் முகாம். ஒவ்வொரு கூடார இடமும் தனித்தனிப் பாறைக்கடியில் இருப்பதால் பக்கத்து ஆளின் பேச்சுகூடக் கேட்காது. தண்ணீர் அரிது, நிரப்பிக்கொண்டு போங்கள்.

இங்கே தேட வேண்டியது ஹெரெரோ சாட். கண் வழியாகக் கறுப்புப் பட்டை ஓடும், பழுப்பும் வெள்ளையுமான அமைதியான பறவை. பாறை அடிவாரத்துப் புதர்களில், தாழ்ந்த கிளையில் நேராக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் போடுவதே அபூர்வம். அதனால்தான் பலர் செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கப் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எல்லோரும் அதே சில இடங்களில் அதே சில ஜோடிகளைத்தான் தொந்தரவு செய்கிறோம். சூரிய உதயத்தில் அடிவாரத்தைச் சுற்றி மெல்ல நடந்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் ஒயிட்-டெய்ல்டு ஷ்ரைக், பாறை உச்சியில் வெரோஸ் ஈகிள் என்ற கரும்கழுகு என்று காலை நிறைந்துவிடும். கூடுதலாக ஒரு இரவு இருப்பவர்கள் ஒமாருரு பக்கம் எரோங்கோ மலையில் தங்கி, விடியலில் பாறைமேல் நின்று கத்தும் ஹார்ட்லாப்ஸ் ஸ்பர்ஃபௌல் என்ற கௌதாரியைத் தேடலாம். வெயில் ஏறினால் அது பாறை இடுக்குக்குள் போய்விடும்.

எட்டோஷா: நான்கு இரவுகள்

ஸ்பிட்ஸ்கோப்பேயிலிருந்து ஒமாருரு, அவுட்ஜோ வழியாக ஒகவுக்குவேயோ முகாமுக்குச் சுமார் 400 கி.மீ. அதிகாலையில் கிளம்புங்கள். பூங்கா வாசலும் முகாம் வாசலும் சூரிய அஸ்தமனத்தோடு மூடிவிடும்; அன்றன்றைய நேரத்தை வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள்.

எட்டோஷா 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை உப்புப் படுகை. உள்ளே வேகம் 60 கி.மீ.; முகாம்களையும் வேலியிட்ட கழிப்பிடங்களையும் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. புதருக்குள் சிங்கம் படுத்திருப்பது ஐந்தடி தூரத்திலும் தெரியாது. முகாம்கள் அரசு நிறுவனமான நமீபியா வைல்ட்லைஃப் ரிசார்ட்ஸின் கையில் உள்ளன. பல மாதம் முன்பே பதிவு செய்தால்தான் இடம். ஒகவுக்குவேயோவில் இரண்டு இரவு, ஹலாலியில் ஒன்று, நமுட்டோனியில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே 70 முதல் 75 கி.மீ.தான், அதையே நாள் முழுக்க ஓட்டலாம்.

நாளை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். வாசல் திறந்ததும் கிளம்பி, ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுத்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டியை நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகர வேண்டாம். எட்டு, ஒன்பது மணி வாக்கில் கல்கௌதாரிகள் வரத் தொடங்கும். முதலில் குரல்தான் வரும், அப்புறம் கூட்டம். நமாக்வா கல்கௌதாரிகள் தண்ணீரில் நேரே இறங்குவதில்லை. கொஞ்சம் தள்ளி இறங்கி, சுற்றிலும் பார்த்து, பிறகு கூட்டமாக நடந்து வரும். சில மடக்கில் குடித்து முடித்துவிடும். ஆண்களைக் கவனியுங்கள். சில ஆண்கள் குடித்த பிறகும் போகாமல் வயிறளவு தண்ணீரில் இறங்கி, உடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயிற்று இறகுகளின் நுண்ணிழைகள் உலர்ந்திருக்கையில் சுருண்டிருக்கும்; நனைந்ததும் விரிந்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுமார் 25 மில்லி. அந்தச் சுமையோடு சில சமயம் 30 கி.மீ. தூரம்வரை பறந்து போய் நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் ஓடி வந்து அந்த இறகுகளை அலகால் உருவிக் குடிக்கும். எட்டோஷாவில் யானையையும் சிங்கத்தையும் பார்த்தவர்கள் ஏராளம். இதைக் கண்ணால் பார்த்தவர்கள், தண்ணீர் ஓரத்தில் காத்திருந்தவர்கள் மட்டுமே.

நடுப்பகலில் முகாமுக்குத் திரும்பிவிடுங்கள். ஒகவுக்குவேயோ முகாமுக்குள்ளேயே சோஷியபிள் வீவர்களின் கூட்டுக்கூடு இருக்கிறது. மரத்தின்மேல் வைக்கோற்போர் கவிழ்த்தது போல இருக்கும் அதில், நூற்றுக்கணக்கான பறவைகள் தனித்தனி அறையில் வாழும். அதே கூட்டில் ஒரு அறையைப் பிக்மி ஃபால்கன் என்ற, மைனாவைவிடச் சிறிய வல்லூறு எடுத்துக்கொண்டு குடியிருப்பதும் உண்டு. மாலையில் முகாமின் நீர்நிலைக்குப் போங்கள். இரவில் விளக்கொளி போட்டிருப்பார்கள். அஸ்தமனமாகி அரைமணி நேரத்தில், நல்ல இருட்டில், டபுள்-பேண்டட் கல்கௌதாரிகள் வரும். கருப்புக் காண்டாமிருகமும் அதே நேரத்தில் வரக்கூடும் என்பதால் எல்லா கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் கரையோரக் கற்களைப் பாருங்கள்.

ஹலாலி மரங்கள் நிறைந்த முகாம். பேர்-சீக்டு பாப்ளர் என்ற சிலம்பன் கூட்டமாகக் கூடாரங்களுக்கு இடையே குப்பை கிளறும், வயலட் வுட்ஹூப்போவும் அங்கேதான். பகலில் ஆந்தைகள் எந்த மரத்தில் தூங்குகின்றன என்று முகாம் ஊழியர்களுக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள், அன்பளிப்பு கொடுங்கள். ஆந்தையின்மேல் டார்ச் அடிக்காதீர்கள்.

நமுட்டோனிக்கு வடக்கே அண்டோனிச் சமவெளியில் ப்ளூ க்ரேன் என்ற நீலக் கொக்குகளின் மிகச் சிறிய கூட்டம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் தேசியப் பறவையான அதன் பிரதான வாழிடத்திலிருந்து வெகுதூரம் பிரிந்து கிடக்கும் கூட்டம். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ருண்டு: ஒரு இரவு

நமுட்டோனியிலிருந்து 400 கி.மீ.க்குச் சற்று அதிகம். சுமெப், க்ரூட்ஃபொன்டைன் தாண்டியதும் முருரானியில் கால்நடை நோய்த் தடுப்பு வேலியின் வாசல். வடக்கே போகும்போது தொல்லை இல்லை; தெற்கே திரும்புகிறவர்கள் பச்சை இறைச்சி கொண்டுவரக்கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் பெரும் பண்ணைகள். அந்தப் பக்கம் சாலையோரம் முழுக்க ஊர்கள், ஆடு மாடுகள், பள்ளி விட்டு வரும் குழந்தைகள். வேகத்தைக் குறையுங்கள். ருண்டுவில் ஆற்றங்கரை விடுதியில் இரவைக் கழித்தால் போதும், எதிர்க்கரை அங்கோலா.

டிவுண்டு: இரண்டு இரவுகள், முடிந்தால் மூன்று

இங்கிருந்து பயணத்தின் நிறமே மாறிவிடும். புழுதி போய் நாணல் வரும். கவாங்கோ ஆற்றங்கரையில் பல முகாம்கள் உள்ளன. இரவில் நீர்யானைகள் மேய வரும். கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவேகூட விளக்கில்லாமல் நடக்காதீர்கள்.

பக்கத்திலேயே ப்வப்வாட்டா தேசியப் பூங்காவின் மஹாங்கோ பகுதி. ஆற்றை ஒட்டிய சுற்றுப்பாதையில் காலை முழுதும் மெல்லப் போங்கள். வாட்டில்டு க்ரேன், நீண்ட விரல்களால் மிதக்கும் இலைமேல் நடக்கும் லாங்-டோடு லேப்விங் என்ற ஆள்காட்டி, நம் செண்பகத்தின் பெரிய உறவான காப்பரி-டெய்ல்டு கூகல் எல்லாம் இந்த வெள்ளச் சமவெளியில்தான்.

ஸ்லேட்டி ஈக்ரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒகவாங்கோவையும் அதைச் சுற்றிய சில ஆறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் அதிகம் இல்லாத கொக்கு இது. ஏறக்குறைய இதே போன்ற பிளாக் ஹெரானும் இங்கேயே இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். காலைப் பாருங்கள். ஸ்லேட்டி ஈக்ரெட்டுக்குக் கால் மஞ்சள், தொண்டை செம்பழுப்பு. பிளாக் ஹெரானுக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சிறகை முன்னால் விரித்துக் குடை பிடித்து, அந்த நிழலில் மீன் பிடித்தால் சந்தேகமே வேண்டாம், அது பிளாக் ஹெரான்.

மாலையில் ஒரு சிறு படகு எடுங்கள். போபா அருவியின் பாறைகளில் ராக் ப்ராட்டின்கோல்கள் உட்கார்ந்திருக்கும். மணல் திட்டுகளில் ஆப்பிரிக்கன் ஸ்கிம்மர்கள் முட்டையிடும் காலம் இது. படகோட்டி திட்டில் இறக்கிவிடத் தயாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கட்டிமா முலிலோ: ஒரு இரவு

டிவுண்டுவிலிருந்து 310 கி.மீ., பெரும்பகுதி ப்வப்வாட்டா பூங்காவை ஊடறுத்துப் போகும் நேர்க்கோட்டுச் சாலை. யானை கடக்கும் என்ற பலகைகளை நம்புங்கள்.

சாம்பசிக் கரையில் சதர்ன் கார்மைன் பீ-ஈட்டர் என்ற செம்பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் வளை தோண்டிக் கூடு வைக்கும். செங்குத்தான கரைச்சரிவிலும், சில இடங்களில் சமதரையிலும்கூட. வெள்ளம் கரையை அறுப்பதால் கூட்டமைவு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். எனவே எந்த விடுதிக்கருகே இந்த ஆண்டு இருக்கிறது என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சமதரையில் வளை இருந்தால் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நில்லுங்கள். ஒரு காலடியில் வளை இடிந்துவிடும்.

கசானே: இரண்டு இரவுகள்

கட்டிமாவிலிருந்து 70 கி.மீ.யில் ங்கோமா எல்லை. பகலில் மட்டுமே திறந்திருக்கும். போட்ஸ்வானா பக்கம் இறைச்சி, பால் பொருள்களை வாங்கிவைத்துக்கொள்வார்கள். கோமாரி நோய்த் தடுப்புக்காகச் செருப்பையும் சக்கரத்தையும் மருந்து நீரில் நனைக்கச் சொல்வார்கள். அதனால் முந்தின இரவே குளிர்பெட்டியைக் காலிசெய்துவிடுங்கள். அனுமதிக் கடிதம், வண்டிப் பதிவின் நகல், சாலை வரி கட்ட அட்டையோ புலாவோ கையில் இருக்கட்டும். அங்கிருந்து கசானேவரை சோபே தேசியப் பூங்கா வழியாகத் தார்ச்சாலை. ஆற்றோர மணல் தடம் வேறு. அதற்கு நான்கு சக்கர இயக்கமும் மணலில் ஓட்டிய பழக்கமும் வேண்டும்.

சோபேயில் வண்டியை மறந்துவிட்டுப் படகு ஏறுங்கள். மாலையில் போகும் பெரிய இரண்டடுக்குப் படகுகள் யானை பார்க்க நன்றாக இருக்கும், பறவைக்கு உதவாது. விடியற்காலையில் நான்கைந்து பேர் போகும் சிறு படகை, பறவை பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். செடுடு தீவைச் சுற்றி மூன்று மணி நேரம். நம் குளங்களில் பார்க்கும் அதே கருப்பு வெள்ளை மீன்கொத்தி இங்கே கரை நெடுகிலும் நிற்கும். ஆப்பிரிக்கன் ஃபின்ஃபுட், ஒயிட்-பேக்டு நைட் ஹெரான் இரண்டையும் தண்ணீரில் தாழ்ந்து கிடக்கும் கிளைகளின் நிழலில் தேடச் சொல்லிப் படகோட்டியிடம் முதலிலேயே கேட்டுவையுங்கள். நல்ல படகோட்டிக்கு எந்த வளைவில் என்று தெரியும்.

கசானேயிலிருந்து ஜொகானஸ்பர்க்குக்கு விமானம் உண்டு. விக்டோரியா அருவி சாலைவழியே 80 கி.மீ.; ஜிம்பாப்வேக்குத் தனி விசா. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நான்கு டயரையும் கண்ணாடியையும் கணக்கெடுக்கும் ஊழியர் முன்னிலையிலேயே படமெடுத்து, காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் எழுதிய பட்டியல்களை நினைவு மங்குவதற்குள் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு தளத்தில் ஏற்றிவிடுங்கள். எட்டோஷாவுக்கு வடகிழக்கே, குறிப்பாக ருண்டுவுக்கும் கட்டிமாவுக்கும் இடையே, பறவை பார்க்கிறவர்கள் நிற்காமல் கடந்துபோகும் இடங்கள்தான் அதிகம். அங்கே நீங்கள் இறங்கி எழுதிய பத்துப் பறவைகளுக்கும் மதிப்பு உண்டு.